குறை எண்ணிக்கையில் இல்லை

ஆசிரியருக்கு,

அமெரிக்க லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் (ஒரு தொழிலுக்கு மட்டும் பழக்காமல் கலை, அறிவியல் என்று பரந்த படிப்பைத் தருபவை) பொதுக்கல்விப் பாடங்களை, அதாவது மாணவர் தன் துறைக்கு வெளியே கட்டாயமாக எடுக்க வேண்டிய பாடங்களை, குறைக்க வேண்டும் என்ற கட்டுரையைப் படித்தேன். இலக்கியம் படிக்க வந்தவருக்குப் புள்ளியியல் எதற்கு என்ற கேள்வி புதிதல்ல. கட்டணம் கட்டுகிறவர் கணக்குப் பார்க்கத்தான் செய்வார், சரி.

ஆனால் பாடங்களின் எண்ணிக்கையைவிட, அவற்றை வைத்திருக்கும் விதத்தில்தான் குறை. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் 1919-இல் முதலாண்டு மாணவர் அனைவருக்கும் பொதுவாக ஒரு பாடத்தைக் கொண்டுவந்தது. பிரவுன் பல்கலைக்கழகம் 1969-இல் இத்தகைய கட்டாயங்களை எடுத்தே விட்டது. இரண்டிலும் ஒரு தெளிவு இருக்கிறது. நடுவில் நிற்கும் கல்லூரிகளோ "இதில் இரண்டு, அதில் இரண்டு" என்று பட்டியலை நீட்டுகின்றன. மாணவரும் எது சுலபம், எது காலை எட்டு மணிக்கு இல்லை என்று பார்த்து எடுக்கிறார். (யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுப்பார்கள்.)

இதைவிட மோசம், வேதியியல் துறை தன் வருங்கால மாணவருக்காக வகுத்த அறிமுகப் பாடத்தையே வரலாற்று மாணவர் தலையிலும் கட்டுவது. அவர் அடுத்த வேதியியல் வகுப்புக்குப் போகப் போவதில்லை. ஒரு மருந்துச் சோதனையின் முடிவை எப்படிப் படிப்பது, சோதிக்கும் மருந்து தரப்படாத ஒப்பீட்டுக் குழு ஏன் தேவை, நேற்றைய முடிவு இன்று எப்படித் திருத்தப்படுகிறது என்பதைச் சொல்லிக்கொடுத்தால் ஆயுளுக்கும் உதவும். அப்படியொரு பாடத்தைப் புதிதாக வகுக்க மூத்த பேராசிரியர்கள் நேரம் ஒதுக்க வேண்டும். பல இடங்களில் இந்த வகுப்புகள் ஒப்பந்த ஆசிரியர்களிடம் தள்ளப்படுகின்றன. கட்டுரையாளர் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்