ஒதுக்கினால் போதாது, பில் பாஸாக வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2019-20இல் சுமார் 3.4 லட்சம் கோடி ரூபாயாக இருந்த மத்திய அரசின் மூலதனச் செலவுக்கு, அதாவது சாலை, கட்டடம் போன்ற நீடித்த சொத்துகளை உருவாக்கும் செலவுக்கு, 2025-26 பட்ஜெட்டில் 11.21 லட்சம் கோடி ஒதுக்கப்பட்டது. இந்த உயர்வை மனதார வரவேற்கிறேன். சாலைக்கும் பள்ளிக் கட்டடத்துக்கும் அரசு தரும் பணம் கொத்தனார் கூலியாகி, மளிகைக் கடைக்குப் போய், அங்கிருந்து மொத்த வியாபாரியிடம் சேர்ந்து, கை மாறும் இடமெல்லாம் வருமானமாகிறது என்பதால்தான் அது வளர்ச்சிக்கு உதவுகிறது. ஆனால் அந்தப் பணம் எந்த மாதம் கைக்கு வருகிறது என்பதை யாரும் கணக்கில் எடுப்பதாகத் தெரியவில்லை.

நான் சிமென்ட், கம்பி வியாபாரம் செய்பவன். பள்ளிச் சுற்றுச்சுவர் வேலை எடுத்த சிறு ஒப்பந்ததாரர் ஒருவர் என்னிடம் கடனுக்கு 140 மூட்டை சிமென்ட் வாங்கினார். சுவர் எழும்பி, வெள்ளையடித்து, பதினோரு மாதம் ஆகியும் பில் பாஸாகவில்லை. கொத்தனார்களுக்குக் கூலி கொடுக்க அவர் மனைவியின் நகையை அடகு வைத்தார். நான் டீலருக்குக் கட்ட வேண்டிய பாக்கி நின்றதால் அடுத்த லோடு எடுக்கவில்லை. வருமானம் கை மாற வேண்டிய வழியெங்கும் வட்டிதான் ஏறியது.

குறு, சிறு நிறுவனங்களிடம் பொருளோ சேவையோ பெற்றவர்கள் அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் (வங்கிகளுக்கு அது கடன் தரும் ஒரு வட்டி விகிதம்) மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. கட்டுமான ஒப்பந்தங்கள் அதில் அடங்குமா என்பதே நீதிமன்றங்களில் வழக்காகியிருக்கிறது. அடங்கினாலும், அடுத்த டெண்டருக்கு அதே அலுவலகப் படியேற வேண்டியவர் எந்தத் துணிவில் வட்டி கேட்பார்?

மார்ச் மாதத்தில் நிலைமை தலைகீழ்: ஒதுக்கிய பணத்தை நிதியாண்டு முடிவதற்குள் செலவிட்டுவிட அவசரப்படுகிறார்கள். ஆண்டுச் செலவில் 15 சதவீதத்துக்கு மேல் மார்ச்சில் செலவிடக் கூடாது என்று மத்திய நிதியமைச்சகமே அறிவுறுத்தும் அளவுக்கு இது பழைய நோய். ஏழு நாளாவது தண்ணீர் விட்டு க்யூரிங் செய்ய வேண்டிய கான்கிரீட்டை, நிதியாண்டு முடிவதற்குள் கணக்கை முடிக்கும் அவசரத்தில் மூன்றே நாளில் விட்டுவிட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆகவே, ஒவ்வொரு துறையிலும் வேலை முடிந்தும் பணம் தராமல் நிற்கும் பில்களின் மொத்தத் தொகையையும், அவை எத்தனை நாளாக நிற்கின்றன என்பதையும், மத்திய, மாநில அரசுகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிட வேண்டும் எனத் தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கட்டுமானப் பொருள் வியாபாரி ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்