பற்றை வேறு, வளர்த்த செடி வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளவத்தையில் மண் தெரிகிற வளவுகள் இப்போது அரிது. எங்களுடையது 8 பேர்ச் காணி. வீடு போக மிஞ்சிய இடத்தில் முப்பது வருடமாக நொச்சி, ஆடாதோடை, வெட்சி, கறிவேப்பிலை எல்லாம் வளர்த்து வந்தேன். மதிலோரம் பெருமருந்துக் கொடி, கிணற்றடியில் வல்லாரை. எல்லாமே இந்த மண்ணுக்கும் மழைக்கும் பழகியவை. அவற்றுக்கென்று ஒரு நாளும் கடையில் உரமோ மருந்தோ வாங்கியதில்லை.

போன மே மாதம் டெங்குப் பரிசோதனைக்கு வந்தவர்கள் வாளி, பீலி, கிணற்று மூடி என்று ஒன்று விடாமல் பார்த்தார்கள். ஒரு குடம்பிகூட இல்லை. ஆனாலும் போகும்போது, "இந்தப் பற்றையை ஒரு கிழமைக்குள் வெட்டித் துப்புரவாக்குங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எந்த விதியில் அப்படி இருக்கிறது என்று கேட்டேன், பதில் இல்லை. வழக்கு வருமோ, தண்டம் கட்ட வேண்டுமோ என்று பயந்து மகன் ஆள் பிடித்து நொச்சியையும் கொடியையும் அடியோடு தறித்துவிட்டான். வந்தவர்கள் எந்த அலுவலகம் என்று எழுத நான் விரும்பவில்லை. வெயிலில் வீடு வீடாக நடக்கிறவர்கள் அவர்கள். 2017இல் நாடு முழுவதும் 180,000க்கும் மேற்பட்டவர்களை டெங்கு பிடித்ததை மறந்துவிட்டு நான் பேசவில்லை.

நுளம்பு பெருகுவதைத் தடுக்க 2007இல் வந்த சட்டம், தகரப்பேணி, சிரட்டை, பழைய டயர் போன்ற நீர் தேங்கும் பொருட்களை அகற்றும் பொறுப்பை வீட்டுக்காரரிடம் கொடுக்கிறது. நியாயமான சட்டம். டெங்கு நுளம்புக்கு வேண்டியது தேங்கிய தெளிந்த நீர். முட்டை நுளம்பாக ஒரு வாரம், பத்து நாள் போதும். நொச்சி இலையில் தண்ணீர் தங்குவதில்லை. தங்குவது பல்கனிப் பூச்சட்டியின் அடித்தட்டில். அன்னாசி மாதிரி இலை அடுக்கி நடுவில் கிண்ணம் போல் நீர் பிடிக்கிற புரோமிலியாட் செடியிலும் தங்கும். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, காசு கொடுத்து வாங்கி வாசலில் வைக்கிறோம். அதை யாரும் பற்றை என்று சொல்வதில்லை. அடர்ந்த செடியின் நிழலில் நுளம்பு ஒதுங்கும் என்பார்கள். உண்மைதான். அதற்குக் கிளைகளை ஐதாக்கினால் போதுமே, வேரோடு ஏன் போக வேண்டும்?

அந்தப் பெருமருந்துக் கொடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிவந்த உடலும் கறுத்த சிறகுமாக ஒரு வண்ணத்துப்பூச்சி வருடம் தவறாமல் அதில் முட்டையிடும். இந்தக் குடும்பம் தவிர்ந்த வேறு செடியில் வைத்தால் அதன் புழு பிழைக்காது. நம் நாட்டின் தேசிய வண்ணத்துப்பூச்சிக்கும் இந்தக் குடும்பத்துக் கொடிகள்தான் வேண்டும். பேரப்பிள்ளைகள் புழு கூடு கட்டுவதைப் பள்ளிக்கூடம் விட்டு வந்து தினமும் பார்ப்பார்கள். இந்த வருடம் அவர்களுக்குக் காட்ட ஒன்றுமில்லை.

இப்படி ஒரு தரம் பயந்தவர்கள் அடுத்து என்ன செய்கிறார்கள்? வளவு முழுக்கச் சீமெந்து பூசுகிறார்கள், இல்லையென்றால் இன்டர்லொக் கல் பதிக்கிறார்கள். 4 பேர்ச் நிலம் என்பது ஏறக்குறைய 100 சதுர மீற்றர். 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் அதில் விழுவது 10,000 லீற்றர் தண்ணீர். மண்ணாக இருந்தால் ஒரு பங்கையாவது உறிஞ்சும், சீமெந்து அத்தனையையும் ஒழுங்கைக்குத் தள்ளும். ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் என்ற சர்வதேச உடன்படிக்கையின் கீழ் 2018இல் ஈரநில நகரம் என்று அங்கீகாரம் பெற்ற கொழும்பில்தான் இது நடக்கிறது.

பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றையும் அனுமதியில்லாமல் தறிக்கக்கூடாது என்று 1951ஆம் ஆண்டிலேயே இங்கே சட்டம் வந்தது. அப்படியென்றால் தனியார் வளவில் நிற்கும் மரத்தையும் பெயர் சொல்லிக் காப்பாற்ற நமக்குத் தெரியும். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், வீட்டு முற்றத்தில் உள்ளூர்ச் செடி வளர்ப்பதைக் குடியிருப்புச் சங்கங்கள் தடுக்கக்கூடாது என்று 2021இல் சட்டமே செய்தார்கள்.

மாநகர சபையிடமும் நகர அபிவிருத்தி அதிகார சபையிடமும் நான் கேட்பது சிங்களத்திலும் தமிழிலும் ஒரு பக்கத் தாள். அதில் இப்படி இருக்கட்டும்: நீர் தேங்கினால் குற்றம், வீதி முனையில் பார்வையை மறைத்தால் குற்றம், மின்கம்பியிலோ வடிகாலிலோ போய் முட்டினால் குற்றம். இவை இல்லாத செடியை, அது எவ்வளவு உயரமாக இருந்தாலும், வெட்டச் சொல்லக்கூடாது. அப்புறம், புதிதாக வீடு கட்ட அனுமதி கொடுக்கும்போது கொஞ்சம் நிலத்தையாவது சீமெந்து பூசாமல் மண்ணாக விடச் சொல்லுங்கள். அதில் புன்னையோ மகிழோ வெட்சியோ நட்டால் வரிப்பணத்தில் ஒரு சலுகை கொடுங்கள்.

ஒக்டோபர் மழையோடு நொச்சியையும் பெருமருந்தையும் மறுபடி நடப்போகிறேன். அடுத்த முறை பரிசோதனைக்கு வருகிறவர்களுக்கும் என் மகனுக்கும் காட்ட அந்தத் தாள் அதற்குள் என் கையில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 6