அலுமாரியைத் திறந்து விடுங்கள்

மதிப்பிற்குரிய தவிசாளர் அவர்களுக்கும், சபை உறுப்பினர்களுக்கும், நூலகப் பொறுப்பாளருக்கும்,

வணக்கம். இரவல் பகுதி அலுமாரிகளுக்கு ஏன் பூட்டுப் போட்டீர்கள் என்பது ஊருக்கே தெரியும். புத்தகங்கள் களவு போயின, அதை நான் மறுக்கவில்லை. வேண்டிய புத்தகத்தின் பெயரைத் துண்டில் எழுதிக் கொடுத்தால் ஊழியர் உள்ளே போய் எடுத்துத் தருவார் என்ற ஏற்பாடும் கேட்பதற்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது. கேட்பதற்கு மட்டும்.

போன சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தேன். வயது பத்து. துண்டில் 'பேய்க் கதை' என்று வடிவாக எழுதி நீட்டினாள். "புத்தகத்தின் பெயரும் எழுதியவர் பெயரும் போடவேணும் மகள்" என்றார் அந்தத் தம்பி. "பார்த்தால்தானே மாமா தெரியும்?" என்று கேட்டாள். அவரிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. அவர் பாவம், உள்ளே போய்த் தேடிவிட்டு, புலமைப்பரிசில் பரீட்சை மாதிரி வினாத்தாள் தொகுப்பு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதுவும் ஒரு வகையில் பேய்க் கதைதான்.

நான் புத்தகம் தெரிவு செய்யும் விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். பின் அட்டையைப் படிக்கமாட்டேன். முதல் பக்கத்தையும் நம்பமாட்டேன், முதல் பக்கத்தை யாரும் கவனமாகத்தான் எழுதுவார்கள். நாற்பதாம் பக்கம் அளவில் விரித்து நின்றபடியே ஒரு பந்தி வாசிப்பேன். அது பிடித்துக்கொண்டால், கடைசித் தாளில் ஒட்டியிருக்கும் திகதித் துண்டைப் பார்ப்பேன். ஒருமுறை எடுத்த நாவலில் கடைசி முத்திரை 1997. சோதனைச் சாவடிகளும் விளக்கு வெளிச்சமுமாய்க் கிடந்த அந்த வருடத்தில் யாரோ அதைக் கொண்டுபோய், வாசித்து, பத்திரமாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். அதற்காகவே அதை எடுத்தேன். இதையெல்லாம் நான் எந்தத் துண்டில் எழுதிக் கொடுப்பது?

மண்முனைப் பாலம் 2014இல் திறக்கும்வரை, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து 'பாதை' என்று நாம் சொல்லும் மிதவைப் படகில் ஏறித்தான் புத்தகம் மாற்ற வருவேன். தண்ணீர் தெறிக்கும் என்று பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்திருப்பேன். அப்போது வாவிதான் குறுக்கே கிடந்தது. இப்போது பஸ்ஸில் சுகமாக வந்து இறங்கி, கண்ணாடிக்கு வெளியே நின்று முதுகட்டைகளை எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன். அலுமாரியைத் திறந்து விடுங்கள் ஐயா.

நம் விபுலாநந்த அடிகள் காரைதீவில் பிறந்த அதே 1892இல்தான் நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதன் சீர்காழியில் பிறந்தார். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. வாசகர் அலுமாரிவரை போய்த் தானே எடுத்துப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தியவரும் அவர்தான். நூலக உத்தியோகத்தர்கள் படித்துத்தானே வந்திருப்பார்கள்.

ஒக்டோபர் வந்தால் வாசிப்பு மாதம். பதாகை கட்டுவீர்கள், பொன்னாடை போர்த்துவீர்கள். பிள்ளைகள் வாசிப்பதில்லை, கைத்தொலைபேசியில் கிடக்கிறார்கள் என்று பிரதம விருந்தினர் ஒன்றரை மணித்தியாலம் கவலைப்படுவார். கைத்தொலைபேசி யாரிடமும் துண்டு கேட்பதில்லையே! அப்புறம், அந்தப் பொன்னாடைச் செலவில் எத்தனை சிறுவர் நூல்கள் வாங்கலாம் என்று... சரி, அது வேறு கதை. கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்பது ஒன்றுதான். பைகளை வாசலிலேயே வாங்கி வையுங்கள். போகும்போது புத்தகத்தைச் சரிபாருங்கள், தொலைத்தவரிடம் தண்டம் அறவிடுங்கள். எல்லா நாளும் முடியாவிட்டால் சனிக்கிழமை மட்டுமாவது அலுமாரிகளைத் திறந்து பாருங்கள். வாசகர்கள் கலைத்துப்போட்டுப் போவார்கள் என்பது உண்மை. தமிழ் இலக்கியத்துக்கான 894.811 இலக்க நூல் இருக்கவேண்டிய இடத்தில் சமையல் புத்தகம் கிடக்கும். மாலையில் ஒரு மணித்தியாலம் நின்று அவற்றை இலக்கப்படி அடுக்கித் தர நான் தயார், சம்பளம் வேண்டாம்.

அடுத்த சனிக்கிழமையும் மகளோடு வருவேன். அவளுக்கு இன்னும் பேய்க் கதைதான் வேண்டுமாம். பெயர் தெரியாது.

பணிவுடன்,
படுவான்கரை வாசகர் ஒருவர்