எங்கள் மகளின் காதையும் தோலையும் புரிந்துகொண்டவர்களுக்கு நன்றி

எங்களுக்குத் துணைநின்ற பெருமக்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆட்டிசமும் கடுமையான பதற்ற நோயும் உள்ள எங்கள் ஒன்பது வயது மகள், பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் குழந்தைகள் மனநலப் பிரிவில் தங்கிச் சிகிச்சை பெற்று வீடு திரும்பி, இப்போது பள்ளிக்கும் போய்வருகிறாள். உங்களில் பலருக்கு நேரிலேயே நன்றி சொல்லிவிட்டோம். ஆனாலும் யார் செய்த எந்தக் காரியம் அவளுக்கு உதவியது என்பது எழுத்தில் இருக்கவேண்டும் என்று நானும் என் கணவரும் விரும்பினோம். அவள் பெயரை இங்கே எழுதவில்லை. வளர்ந்தபின் தன்னைப் பற்றி எவ்வளவு சொல்வது என்பதை அவளே முடிவு செய்யட்டும். உங்கள் பெயர்களையும் அதே காரணத்தால் தவிர்த்திருக்கிறேன்.

மிக்சி ஓடினால் எங்கள் மகளுக்கு அது வலியாகவே இருக்கும். காலரில் தைத்த லேபிள், காலுறையின் தையல், தலைவாரும் சீப்பு, தயிர்சாதத்தில் வாயில் தட்டுப்படும் ஒரு கடுகு என ஒவ்வொன்றும் அவளை நிலைகுலைய வைக்கும். அப்போது அலறுவாள், தன் தலையிலேயே அடித்துக்கொள்வாள். அதே பிள்ளை முழங்காலில் அடிபட்டு இரத்தம் வந்தாலும் கவனிக்கமாட்டாள். பசியும் சிறுநீர் முட்டுவதும் நேரம் கடந்த பிறகுதான் அவளுக்குத் தெரியும். முன்பு படித்த பள்ளியில் இதற்குப் பிடிவாதம் என்று பெயர் வைத்து, டி.சி. வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

மருத்துவர் அம்மா அவர்களே, எங்கள் முதல் நன்றி உங்களுக்கு. அவள் தன்னை அடித்துக்கொண்டதைப் பற்றிக் கேட்பதற்கு முன், அதற்குச் சற்று முன்னால் அந்த அறையில் என்ன ஓசை இருந்தது, விளக்கு எப்படி இருந்தது, யார் தொட்டார்கள், அடுப்பில் என்ன இருந்தது என்று கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். காதில் வேறு கோளாறு இருக்கக்கூடாது என்று செவித்திறன் பரிசோதனைக்கு அனுப்பினீர்கள். மாத்திரை பதற்றத்துக்குத்தான், மிக்சி சத்தத்தை அது குறைத்துவிடாது என்று தெளிவாகச் சொன்னீர்கள். பதற்றம் கூடினால் புலன்கள் இன்னும் கூர்மையாகும், புலன்கள் தாங்கமுடியாமல் போனால் பதற்றம் கூடும், இரண்டையும் சேர்த்தே பார்க்கவேண்டும் என்று நீங்கள் விளக்கியதால்தான் மருந்து, தெரபி, வீட்டு மாற்றம் மூன்றையும் நாங்கள் விடாமல் பிடித்துக்கொண்டோம். ஒலி, ஒளி, தொடுதல் போன்றவற்றுக்கு அளவுக்கு மீறியோ குறைந்தோ எதிர்வினை காட்டுவது 2013இல் வெளியான, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலான டி.எஸ்.எம்.-5இல் ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது என்பதையும், ஆனால் புலனுணர்வுச் செயலாக்கக் கோளாறு என்பது அந்த நூலிலும் உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி.-11இலும் தனி நோயாக இடம்பெறவில்லை என்பதையும் நீங்கள் சொல்லித்தான் அறிந்தோம். தனி நோய் என்று பெயர் சொல்லிப் பெரும் பணம் கேட்கும் இடங்களுக்கு நாங்கள் போகாமல் இருந்ததற்கு அந்த ஒரு விளக்கமே காரணம்.

அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் மேடம் அவர்களைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் போதாது. பார்த்தல், கேட்டல், முகர்தல், சுவைத்தல், தொடுதல் ஆகிய ஐந்தோடு நின்றுவிடாமல், உடலின் சமநிலையை உணர்த்தும் உட்காது, மூட்டும் தசையும் எங்கே எப்படி இருக்கின்றன என்ற உணர்வு, பசி, தாகம், நெஞ்சுத்துடிப்பு போன்ற உள்ளுடம்பின் செய்திகள் ஆகியவையும் புலன்களே என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தீர்கள். ஜீன் ஏர்ஸ் என்ற அமெரிக்கத் தெரபிஸ்ட் 1970களில் இதைப் பற்றி விரிவாக எழுதினார் என்று சொன்ன நீங்களே, புலன்களைப் பழக்கும் இந்தச் சிகிச்சைக்கான ஆய்வுச் சான்று இன்னும் குறைவு என்பதைப் பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012இல் அறிவுறுத்தியதையும் மறைக்காமல் சொன்னீர்கள். தன் சிகிச்சையின் எல்லையைத் தானே சொல்பவரை நம்பாமல் வேறு யாரை நம்புவது? தலை வாரவிடுவது, பள்ளி மணியைத் தாங்குவது, பசியைச் சொல்வது என மூன்று இலக்குகளை மட்டும் எழுதி, அவற்றில் மாற்றம் வருகிறதா என்று பார்ப்போம், வராவிட்டால் முறையை மாற்றுவோம் என்றீர்கள்.

தெரபி அறையில் அவள் முதலில் ஊஞ்சலைத் தொடவே மறுத்தாள். நீங்கள் கட்டாயப்படுத்தவில்லை. சுவரை இரண்டு கைகளாலும் தள்ளுவது, சப்பாத்தி மாவு பிசைவது, புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவது என்று தசைக்கும் மூட்டுக்கும் அழுத்தம் தரும் வேலைகளிலிருந்து தொடங்கினீர்கள். தலை வாருவதற்கு முன் உச்சந்தலையை உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தீர்கள். மெல்லத் தடவினால் அவளுக்குக் கூசும், அழுத்தினால் அடங்கும் என்பது நாங்கள் அதுவரை நினைத்துப் பார்க்காத செய்தி. ஓசை தடுக்கும் காதுமூடியை நாள் முழுவதும் மாட்டிவிடாதீர்கள், பிறகு சிறு ஓசையையும் காது தாங்காமல் போகலாம், தேவையான வேளைக்கு மட்டும் கொடுங்கள் என்றீர்கள். இன்று அது அவள் பையில் இருக்கிறது. எடுத்து மாட்டுவதும் கழற்றுவதும் அவள் பொறுப்பு.

வார்டில் இருந்தவர்களுக்கு நான் தனியாகக் கடன்பட்டிருக்கிறேன். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிறார்களைப் பெரியவர்களிடமிருந்து பிரித்துத் தங்கவைக்கவேண்டும் என்றும், சேர்க்கப்பட்டிருக்கும் காலம் முழுவதும் உரிய துணையாள் ஒருவர் உடன் இருக்கவேண்டும் என்றும் அதன் 87ஆம் பிரிவில் சொல்கிறது. நோயாளியைத் தனியறையில் அடைத்துவைப்பதையும் அதே சட்டம் தடைசெய்கிறது. இவற்றை எங்களுக்கு எடுத்துச் சொன்ன மூத்த செவிலியர் அம்மா, உங்கள் கன்னடம் கலந்த தமிழ் அந்நேரம் எங்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. கதவருகே இருந்த கட்டிலை உள்பக்கம் மாற்றிக்கொடுத்தீர்கள். இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை முதலில் என் கையில் கட்டி, அதன் ரப்பர் குமிழை அவளையே அமுக்கச் சொல்லி, பிறகுதான் அவள் கையைக் கேட்டீர்கள். தொடும் முன் சொல்லிவிட்டுத் தொடுவது என்ற அந்தப் பழக்கத்தை இரவுப்பணிக்கு வந்தவர்களும் கடைப்பிடித்தார்கள். ஹவுஸ்கீப்பிங் அக்கா, பினாயில் வாசனைக்கு அவள் வாந்தி எடுப்பதைப் பார்த்துவிட்டு, அவள் தெரபிக்குப் போகும் நேரத்தில் எங்கள் மூலையைத் துடைத்து ஜன்னலைத் திறந்துவைத்தீர்கள். அதை யாரும் உங்களிடம் கேட்கவில்லை. எந்தப் பதிவேட்டிலும் அது இருக்காது. அதனால்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

அல்சூரிலிருந்து ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸுக்கு எங்களை அழைத்துச்சென்ற ஆட்டோ அண்ணா, நெரிசலை விட்டு வில்சன் கார்டன் உள்தெருக்கள் வழியே சுற்றிப்போய், ஹாரனும் அடிக்காமல் ஓட்டியதற்கு நன்றி. கடைத்தெருத் தையல்காரர் ஐயா, பள்ளிச் சீருடையின் தையலை வெளிப்பக்கம் வரும்படி மாற்றி, கழுத்தில் மென்மையான பருத்தித் துணி வைத்துக் கொடுத்தீர்கள். அந்தச் சட்டையைப் போட்ட நாளிலிருந்து காலை நேரச் சண்டை பெருமளவு ஓய்ந்தது. அத்தை, இந்த வயதிலும் பேத்திக்காகச் சட்னியை அம்மியில் அரைத்தீர்கள். ஊரிலிருந்து வந்த உறவினர் திருஷ்டி, தோஷம் என்று பேசியபோது அவர்களை உட்காரவைத்து, குழந்தையின் காது அப்படி என்று நீங்களே விளக்கினீர்கள்.

எங்கள் தெருப் பிள்ளைகளுக்கும் இளைஞர் சங்கத்தாருக்கும் ஒரு சொல். இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. நாங்கள் அந்த விதியைப் பற்றி வாய்திறக்கும் முன்பே, விநாயகர் சதுர்த்திப் பந்தலின் ஒலிபெருக்கிப் பெட்டிகளை எங்கள் வீட்டைப் பார்க்காதபடி மறுபுறமாகத் திருப்பி வைத்தீர்கள். ஊர்வலத்தில் தமட்டை மேளம் எப்போது எங்கள் வாசலைக் கடக்கும் என்று முன்கூட்டியே சொல்லியனுப்பினீர்கள். தீபாவளிக்கு வெடிக்கும் நேரத்தையும் அப்படியே சொன்னீர்கள். ஓசை வரப்போகிறது என்று தெரிந்தால் அவளால் காதுமூடியோடு சமாளிக்க முடிகிறது. எதிர்பாராமல் வருவதுதான் அவளைச் சாய்க்கிறது. சென்ற தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பை அவளே கையில் பிடித்தாள்.

இப்போதைய பள்ளியின் தலைமையாசிரியை அவர்களுக்கும் வகுப்பாசிரியைக்கும் நன்றி. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பள்ளிகள் குழந்தையின் தேவைக்கேற்ற நியாயமான ஏற்பாடுகளைச் செய்யவேண்டும் என்கிறது. நீங்கள் அதைச் சலுகையாகப் பேசவே இல்லை. கடைசி மணிக்குச் சற்று முன்பாக அவள் வெளியேறலாம், மினுக்கும் டியூப்லைட்டின் கீழ் உட்காரவேண்டாம், தாங்கமுடியாதபோது நூலகத்துக்குப் போகலாம் என்ற மூன்று ஏற்பாடுகளையும் எல்லா ஆசிரியர்களுக்கும் எழுதிக்கொடுத்தீர்கள். ஒரு ஆசிரியர் விடுப்பில் போனாலும் ஏற்பாடு நிற்காமல் தொடர்வது அந்தத் தாளால்தான்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. கூட்டமான மெட்ரோவில் இன்னும் அவளால் ஏறமுடியாது. பசியைச் சொல்லும் இலக்கு பாதிதான் நிறைவேறியிருக்கிறது. கடிகாரத்தைப் பார்த்துத்தான் சாப்பிடுகிறாள். பல் சொத்தைக்குச் சிகிச்சை வேண்டியிருக்கிறது. நோயாளிகள் இல்லாத நேரத்தில் அவளை வரவழைத்து, கருவிகளை ஓடவிட்டுக் காட்டி, அவள் சம்மதித்த பிறகே தொடங்கலாம் என்று பல் மருத்துவர் ஐயா ஒப்புக்கொண்டிருக்கிறார். அவருக்கும் முன்கூட்டியே எங்கள் நன்றி.

இந்த மடலின் படிகளை வார்டுச் செவிலியர் அறைக்கும் பள்ளிக்கும் தெருச் சங்கத்துக்கும் கொடுக்கிறோம். இதே போன்ற பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோர் யாரேனும் கேட்டால், அவர்கள் வழியாகவே எங்களை அணுகலாம். தெரபிக்காக நாங்கள் எழுதிவந்த குறிப்பேட்டையும் தையல்காரர் ஐயாவின் சட்டை அளவையும் மகிழ்ச்சியோடு தருவோம்.

நன்றியுடன்,
ஒரு தாயும் தந்தையும்,
அல்சூர், பெங்களூரு.