கடைசி ஆள் வரும்வரை காத்திருந்தவர்களுக்கு

அன்புள்ள பாளையங்கோட்டை மக்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு விடியற்காலையில் நம்ம ஊர் ஓட்டத்துக்காக வ.உ.சி. மைதானத்தில் புறப்பட்டு, முருகன்குறிச்சி, வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் வழியாகப் போய், சுலோச்சன முதலியார் பாலத்தைத் தொட்டுத் திரும்பினோம். ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள், மற்றவர்கள் நடந்தார்கள், சக்கர நாற்காலியில் இரண்டு பேர் வந்தார்கள். முருகன்குறிச்சியோடு திரும்பிக்கொண்டவர்களுக்கும் அதே பதக்கம்தான். கை கொடுத்தவர்களை நேரில் பார்த்து நன்றி சொல்லியாயிற்று. ஆனாலும் ஊரறியச் சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும்.

நான் 94 கிலோ. மூன்று வருடத்துக்கு முன்னால் வேறோர் ஊரில் பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பணம் கட்டிப் போனேன். என் அளவுக்குப் பனியன் இல்லை என்றார்கள். சரி என்று சுடிதாரிலேயே ஓடினேன். நான் வந்து சேர்ந்தபோது அலங்கார வளைவைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் கேன் காலி. ரயிலில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊர் வரும்வரை அழுதேன். நம்ம ஊரில் ஓட்டம் நடந்தால் ஒருத்தரும் அப்படித் திரும்பக் கூடாது என்று அன்றைக்கே நினைத்தேன்.

முதல் நன்றி தெற்கு பஜார் தையற்கடை மைனிக்கு. யாரிடமும் பனியன் சைஸ் கேட்காமல், ஒவ்வொருவரையும் நிற்கவைத்து நாடா பிடித்து அளவெடுத்துப் பனியன் தைத்துக் கொடுத்தார். "தொடை உரசிப் புண்ணாகும், தேங்காய் எண்ணெய் தடவிக்கிட்டு வா தாயி" என்று காதோடு சொன்னதும் அவர்தான். குண்டாக இருப்பவர்கள் பாதியில் நிற்பதற்குப் பல நேரம் மூச்சு காரணமில்லை, இந்த எரிச்சல்தான். இதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டே எத்தனையோ பேர் ஓட்டத்தை விட்டுவிடுகிறார்கள்.

பள்ளிக்கூடப் பை வாரை வெட்டி, இரண்டு முனையிலும் கை நுழைகிற அளவுக்கு வளையம் வைத்து ஆறு கயிறுகளும் தைத்துத் தந்தார். பார்வையற்றவர் ஒரு வளையத்தையும் கூட ஓடுகிறவர் மறு வளையத்தையும் பிடித்துக்கொள்ள வேண்டும். கயிறு இழுக்கவும் கூடாது, தொய்யவும் கூடாது. எங்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தது பார்வையற்ற கல்லூரித் தம்பி ஒருவன். என் கண்ணைத் துண்டால் கட்டிவிட்டு மைதானத்தை ஒரு சுற்று ஓடவைத்தான். இருபது எட்டு வைப்பதற்குள் கால் தரையைத் தேட ஆரம்பித்துவிட்டது. பக்கத்தில் வந்த பெண் "மேடு" என்று சொல்லும்போது நான் ஏற்கெனவே தடுக்கியிருந்தேன். "பாத்தீங்களா அக்கா, மூணு எட்டுக்கு முன்னாலயே சொல்லணும். மேடா பள்ளமான்னும் சொல்லணும்" என்றான். கூட ஓடுவது என்றால் என்ன என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவனுக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரியது.

டீக்கடை அண்ணாச்சி நாலரை மணிக்கே கடையைத் திறந்தார். பெண்கள் கழிப்பறைக்குப் போகத் தன் வீட்டுக் கதவையும் திறந்துவிட்டார். வாசல்படியில் பலகை அறைந்து சாய்தளம் போட்ட ஆசாரி அண்ணன் கூலியை வாங்க மறுத்துவிட்டார்.

அப்புறம், ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன். இங்கிலாந்தில் 2004-ல் புஷி பூங்காவில் 13 பேரோடு தொடங்கிய பார்க்ரன் என்ற பூங்கா ஓட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு: தொண்டர் ஒருவர் எல்லோருக்கும் பின்னால் நடந்து வருவார். அதனால் ஓட வந்த யாரும் கடைசியாக முடிக்க வேண்டியதில்லை. இதைச் சொன்னதும், "நான் வாறேன்" என்று ஆட்டோவை அண்ணன் மகனிடம் விட்டுவிட்டு இறங்கிவிட்டார். முழங்கால் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஓர் ஓய்வுபெற்ற டீச்சர்தான் அன்றைக்குக் கடைசி. ஒரு நிமிடம் ஓடுவார், இரண்டு நிமிடம் நடப்பார். ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலோவே 1970-களிலேயே ஓட்டத்துக்கு நடுவில் நடக்கச் சொல்லிக்கொடுத்தவர். ஆகவே நடந்தால் அது ஓட்டமில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

பாலத்தில் டீச்சர் நின்றுவிட்டார். 1843-ல் தன் சொந்தப் பணத்தில் இந்தப் பாலத்தைக் கட்டிக்கொடுத்த முதலியாரைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர். கைப்பிடிச் சுவரில் கைவைத்து ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அண்ணன் அவசரப்படுத்தவே இல்லை. "பைய வாங்க டீச்சர், நாங்க எங்கயும் போயிர மாட்டோம்" என்றாராம். வெயில் ஏறிவிட்டிருந்தது. அவர்கள் மைதானத்துக்குள் நுழைந்தபோது சக்கர நாற்காலித் தம்பிகள் உட்பட நாங்கள் அத்தனை பேரும் வாசலில் நின்றிருந்தோம். வளைவும் நின்றது, குடத்தில் தண்ணீரும் இருந்தது.

ஆறு கயிறுகளையும் துவைத்து வைத்திருக்கிறேன். கூட ஓடப் பழக விரும்புகிறவர்கள் வரும் ஞாயிறு காலை ஐந்தேகாலுக்கு மைதான வாசலுக்கு வாருங்கள். கண்ணைக் கட்ட ஒரு துண்டு கொண்டுவாருங்கள், தம்பி சொல்லித்தருவான்.

அன்புடன்,
பெருமாள்புரத்திலிருந்து உங்கள் சகோதரி