த்ரில்லர் படத்தின்ட முடிவைப் பேப்பரில போடாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் களுவாஞ்சிகுடிப் பக்கத்து ஆள். உங்கட பேப்பரை இருபது வருசத்துக்கு மேல காசு குடுத்து வாங்கி வாசிக்கிறன், ஒருநாளும் கடிதம் எழுதினதில்ல. இப்பவும் போனிலதான் தட்டி அனுப்புறன், எழுத்துப்பிழை கிடந்தா திருத்திப் போடுங்க.

விசயம் என்னெண்டா, போன ஞாயிறு சினிமாப் பக்கத்தில வீட்டில இருந்து பார்க்கிறதுக்கு பத்து திகில் படம் எண்டு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. அண்டைக்கு ராவைக்கு நானும் மனிசியும் 'போர் தொழில்' பார்க்கிற எண்டு இருந்தம், 2023ல வந்த படம், மகள் பாருங்க பாருங்க எண்டு சொல்லி அவக்கே அலுத்துப் போச்சு. காலம்பற மனிசி பிளேன்டியோட திண்ணையில குந்தி பேப்பரை விரிச்சா, நான் கிணத்தடியில நிண்டன், ஒரு சத்தத்தையும் காணல்ல, என்னடா எண்டு கிறுகிப் பார்த்தா கண்ணாடியைக் கழட்டி மடியில வச்சுக்கொண்டு இருக்கா. "இஞ்சருங்க, கொலைகாரன் ஆரெண்டு இதில போட்டிருக்கு" எண்டா. அவ்வளவுதான், படம் முடிஞ்சுது. ராவைக்கு டிவியைப் போடவே இல்ல. மத்தியானம் அந்தப் பக்கத்தை விரிச்சுத்தான் சூடை மீன் துப்பரவாக்கினது, குறை நினைக்காதீங்க.

எழுதினவருக்கு நான் ஒண்டும் ஏசல்ல. நல்லாத்தான் எழுதியிருக்கார், படமெல்லாம் பார்த்திருக்கார் எண்டும் விளங்குது. ஆனா பத்துப் படத்தில ஆறு படத்துக்கு முடிவைச் சொல்லிப்போட்டார். காதல் படத்துக்கு முடிவைச் சொன்னா ஒண்டும் ஆகாது, கடைசியில சேருவாங்க அல்லது சேரமாட்டாங்க, இதில என்ன கிடக்கு. த்ரில்லர் அப்பிடியில்லயே.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி எண்டு கேப்பீங்க. 93ல இருந்து 2006 மட்டும் நான் கேசட் கடை வச்சிருந்தவன். முதல் விஎச்எஸ், பிறகு சிடி, கடைசியா டிவிடி, மறுகா பொடியன்மாரெல்லாம் பென் டிரைவோட திரியத் தொடங்க இழுத்து மூடினது. அந்தக் காலத்தில எங்கட பக்கம் ஒழுங்கான கரண்ட் இல்ல, ஆக்கள் சேர்ந்து காசு போட்டு டிவியும் டெக்கும் ஜெனரேட்டரும் வாடகைக்கு எடுத்து வளவுக்குள்ள பாய் விரிச்சு ஒரு ராவுக்கு மூணு படம் ஓட்டுவாங்க. முதல்ப் படம் சாமிப்படம் அல்லது குடும்பப்படம், ரெண்டாவது சண்டைப்படம், பிள்ளையெல்லாம் நித்திரையான பிறகு மூணாவதுதான் பேய்ப்படம். ஜெனரேட்டர் சத்தத்தில பேய் என்ன கதைக்குதெண்டே விளங்காது, ஆனாலும் ஒருத்தரும் ஒழும்பிப் போகமாட்டாங்க, ஒண்டுக்குப் போறதெண்டாலும் மூணு பேராத்தான் போவாங்க.

யுத்தம் நடக்கக்குள்ள மனுசர் பேய்ப்படம் பார்ப்பாங்களா எண்டு வெளியூர் ஆக்கள் என்னட்டக் கேட்டிருக்காங்க. பார்த்தாங்க ஐயா, கூடத்தான் பார்த்தாங்க. ராவில நாய் குலைச்சா பேயெண்டு ஒருத்தரும் பயந்ததில்ல, அதுக்கு வேற காரணம் இருந்தது. ஒரு வயசான வாடிக்கையாளர், கடலுக்குப் போறவர், கிழமைக்கு ஒருக்கா வந்து பேய்ப்படம் மட்டும்தான் கேப்பார். ஏனண்ணே எண்டு கேட்டதுக்கு "பேய் ஐடென்டி கார்ட் கேக்காது தம்பி" எண்டு சொல்லிப்போட்டு கேசட்டைக் கக்கத்தில செருகிக்கொண்டு போனார். முப்பது வருசமாகுது, இன்னும் மறக்கல்ல.

கடையில ஒரு சட்டம் வச்சிருந்தன். முடிவைச் சொல்றவனுக்கு அடுத்த கேசட் இல்ல. சும்மா பகிடிக்கில்ல, மெய்யாவே ஒரு பொடியனை ஒரு மாசம் தள்ளி வச்சனான், 'நூறாவது நாள்' எடுக்க வந்த ஒரு அக்காட்ட கவுண்டரில வச்சே கதை முழுக்கச் சொல்லிப்போட்டான். அது 1984ல மணிவண்ணன் எடுத்தது, மொட்டைத் தலையும் வட்டக் கண்ணாடியுமா சத்யராஜ் வருவாரே, அந்தப் படம்தான். அந்த அக்கா கேசட்டை மேசையில வச்சிட்டு அப்பிடியே போயிற்றா. எனக்கு வாடகை போனதை விட அவட முகம் போன போக்குத்தான் மனசில நிண்டது.

இன்னொண்டு, கேசட் கடைக்காரனுக்கு மட்டும் தெரிஞ்ச விசயம். ஒரே இடத்தைத் திருப்பித் திருப்பி ஓட்டினா, நிப்பாட்டி நிப்பாட்டிப் பார்த்தா அந்த இடத்தில நாடா தேஞ்சு கோடு விழும். பாட்டுப் படமெண்டா பாட்டில விழும், சண்டைப் படமெண்டா கடைசிச் சண்டையில விழும். 1978ல பாரதிராஜா எடுத்த 'சிகப்பு ரோஜாக்கள்' என்னட்ட ரெண்டு கொப்பி இருந்தது, ரெண்டிலயும் கோடு விழுந்து கிடந்தது கொலையில இல்ல. ஸ்ரீதேவி அந்தப் பெரிய வீட்டில தனிய நடக்கிற இடத்தில. ஒண்டும் நடக்கிறதுக்கு முதல் வாற இடம் அது. சனத்துக்கு எது வேணுமெண்டு எனக்குப் படிப்பிச்சது அந்தக் கோடுதான்.

என்ட அம்மம்மா சொல்லுவா, ராவில ஆராச்சும் பேர் சொல்லிக் கூப்பிட்டா உடனே ஓமெண்டாத, மூணு தரம் கூப்பிடட்டும், பேய் மூணாவது தரம் கூப்பிடாதெண்டு. சின்னனில நானும் தம்பியும் பாயில படுத்துக்கிடந்து ஒருத்தனை ஒருத்தன் கள்ளக்குரலில கூப்பிட்டுப் பார்ப்பம். முதல் தரம் கூப்பிட்டா சிரிப்பு. ரெண்டாவது தரத்துக்குப் பிறகு பேசாம இருப்பான் பாருங்க, வாவிப் பக்கமிருந்து காத்து வரும், ஓலை அடிக்கும், அந்தக் கொஞ்ச நேரம்தான் ஐயா பேய்ப்படம். நல்ல டைரக்டர் அந்த ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவில எங்கள இருத்தி வச்சிருப்பான். உங்கட கட்டுரை என்ன செய்ததெண்டா, தம்பி ரெண்டாவது தரம் கூப்பிடக்குள்ளயே லைட்டைப் போட்டுப்போட்டுது.

ஹிட்ச்காக் 1960ல 'சைக்கோ'வை விடக்குள்ள, படம் தொடங்கின பிறகு ஒருத்தரையும் தியேட்டருக்குள்ள விடக்கூடாதெண்டு கட்டளை போட்டவர். எங்கட ஊரில இது நடக்குமா, நாங்க இன்டர்வெலுக்கு வந்து முன்னுக்கு என்ன நடந்ததெண்டு பக்கத்து சீட்டில கேக்கிற ஆக்கள். ஆனா மனுசன் அதைப் போட்டதுக்குக் காரணம் இருக்கு, பார்த்தவங்களுக்கு விளங்கும், பார்க்காத ஆக்களுக்கு நான் சொல்லமாட்டன்.

அந்தக் கட்டுரையில எனக்கு வேறொரு மனக்குறையும் இருக்கு. பத்துப் படத்தில ஒண்டு கூட 'மூடுபனி' இல்ல. அதை எடுத்த பாலு மகேந்திரா எங்கட மட்டக்களப்பு அமிர்தகழியில பிறந்தவர், மாமாங்கேஸ்வரர் கோயில் இருக்கிற அதே அமிர்தகழி. பள்ளிக்கூடத்தால போன பயணத்தில கித்துல்கலவில 'பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' ஷூட்டிங் நடந்ததைப் பார்த்துத்தான் சினிமா ஆசை வந்ததெண்டு அவரே சொல்லியிருக்கார். 1980ல வந்த படம், பிரதாப் போத்தன், ஷோபா, இளையராஜாவுக்கு நூறாவது படம். படம் தியேட்டருக்கு வரக்குள்ள ஷோபா உயிரோட இல்ல, அது தெரிஞ்சுகொண்டு பார்த்தா அந்தப் பிள்ளை சிரிக்கிற இடமெல்லாம் வேற மாதிரி இருக்கும். கொலைகாரன் ஆரெண்டு இதில ஒளிக்கவே இல்ல, எங்களுக்குத் தெரியும், அந்தப் பிள்ளைக்கு எப்ப தெரியவரும் எண்டதுதான் தவிப்பு. 'என் இனிய பொன் நிலாவே' பாட்டைச் சனம் காதல் பாட்டெண்டு கலியாண வீட்டில போடுது, படத்தில அதை ஆர் ஆருக்குப் பாடுறதெண்டு பார்த்தா போடமாட்டாங்க. மட்டக்களப்பான் பாயோட ஒட்ட வைப்பான் எண்டு வெளியூர்ச் சனம் ஒரு கதை சொல்லும் தானே, மந்திரம் எண்டு. எனக்குத் தெரிஞ்சு அந்த மந்திரத்தை மெய்யாச் செய்த மட்டக்களப்பான் அவர்தான். பிற்காலத்தில அவரைப் பத்தி எழுதின ஆக்களெல்லாம் 'மூன்றாம் பிறை', 'வீடு' எண்டு போயிருவாங்க, பிழையெண்டு சொல்லல்ல, ஆனா இதையும் சொல்லோணும்.

சரி, குறை சொல்லிக்கொண்டே இருந்தா எப்பிடி, நானும் கொஞ்சப் படம் சொல்றன், முடிவைச் சொல்லாமலும் எழுதலாம் எண்டு காட்டத்தான்.

பழசில 'அந்த நாள்', 1954. வீணை வித்துவான் எஸ். பாலச்சந்தர் எடுத்தது, பாட்டே இல்லாத தமிழ்ப்படம், அந்தக் காலத்தில இப்பிடி ஒரு துணிவு. தொடங்கின உடனேயே சிவாஜி சுடுபட்டுச் செத்திருவார், ஆர் சுட்டதெண்டு ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு கதை சொல்லுவாங்க. என்ட மாமி, சிவாஜி எண்டா உயிர், இதை மட்டும் பார்க்கமாட்டா, முதல்க் காட்சியிலயே அவரைக் கொல்றானுகளே எண்டு.

'யாவரும் நலம்', 2009, மாதவன். புது வீட்டுக்குக் குடி போறாங்க, ஒவ்வொரு நாளும் பால் பழுதாகுது, லிப்ட் அவருக்கு மட்டும் வேலை செய்யாது, வீட்டுப் பொம்பிளையள் பகல் ஒரு மணிக்கு ஒரு சீரியல் பார்ப்பாங்க. இவ்வளவும்தான் சொல்லுவன். இதைப் பார்த்த கிழமை என்ட மனிசி பகல் சீரியலை நிப்பாட்டிப்போட்டா, எனக்கு அதில நல்ல சந்தோசம், ஆனா அடுத்த கிழமை திருப்பித் தொடங்கிற்றா. அதே வருசம் 'ஈரம்' வந்தது, அறிவழகன் எடுத்தது, தண்ணியை வச்சே பயங்காட்டுவார், மாரி மழையில பாருங்க, கூரையால ஒழுகிற வீடெண்டா இன்னும் நல்லம்.

'பீட்சா', 2012, விஜய் சேதுபதி ஒரு டோர்ச் லைட்டோட ஒரு வீட்டுக்குள்ள மாட்டுப்படுவார், சனம் அவரை அறியாத நேரம், அதனால என்னவும் நடக்கலாம் எண்டு நம்பிப் பார்த்தம். இதுக்கு முடிவு தெரிஞ்சா பிறகு பார்க்கிறது வீண் வேலை. உங்கட ஆள் இதையும் விட்டு வைக்கல்ல.

மிஷ்கின்ட 'பிசாசு' பயத்துக்கு மட்டும் பார்க்கிற படமில்ல, அழுகை வரும், அதனால பேய்ப்படம் பிடிக்காத ஆக்களுக்கும் குடுக்கலாம். 'ராட்சசன்' நல்ல படம்தான், 2018க்குப் பிறகு வந்த பொலிஸ் படமெல்லாம் அதின்ட நிழலில நிக்குது, ஆனா பள்ளிக்கூடம் போற பொம்பிளப் பிள்ளை உள்ள வீட்டில ராவில பார்க்காதீங்க, நான் பார்த்திட்டு ஒரு கிழமை மகளை டியூசனுக்கு நானே கொண்டு விட்டு நானே ஏத்தினனான், அவ விசருபட்டா.

காஞ்சனா, அரண்மனை வகையில எனக்கு விருப்பமில்ல. பேயை வச்சு சிரிப்பு, பாட்டு, கடைசியில சாமி, எல்லாப் பார்ட்டும் ஒண்டுதான். முதல் 'காஞ்சனா'வில சரத்குமார் வாற பகுதியை மட்டும் குறை சொல்லமாட்டன், அதில ஒரு மனுசர்ர வலி இருந்தது. மற்றதெல்லாம் சத்தம். திடீரெண்டு டமார் எண்டு அடிச்சா ஆரும்தான் பயப்படுவாங்க, பக்கத்து வீட்டுக்காரர் தகரக் கதவைச் சாத்தினாலும்தான் நான் பயப்படுறன், அதுக்குப் பேர் படமா.

மலையாளம் விளங்குமெண்டா, விளங்காட்டியும் சப்டைட்டில் வாசிக்க ஏலுமெண்டா, 'பிரமயுகம்' பாருங்க, 2024ல வந்தது, முழுக்கக் கறுப்பு வெள்ளை, மம்முட்டி கதிரையில சும்மா இருந்து சிரிப்பார், அது போதும். ஜப்பான்காரன்ட 'ரிங்கு' 1998ல வந்தது, அதில ஒரு வீடியோ கேசட் பார்த்த ஆக்கள் ஏழு நாளில செத்துப் போவாங்க. கேசட் கடைக்காரன் பார்க்கக்கூடிய படமா இது. கடையில அதின்ட கதையை நானே பகிடிக்குச் சொல்லப்போய், ஒரு ஆச்சி எடுத்த கேசட்டை பார்க்காமலே கொண்டந்து தந்து காசைத் திருப்பிக் கேட்டா, அது 'கந்தன் கருணை', சாமிப்படம்.

இப்ப உங்களிட்டக் கேக்கிறது பெரிய விசயமில்ல ஐயா. கட்டாயம் முடிவை எழுதித்தான் ஆகோணுமெண்டா மேல ஒரு வரி போடுங்க, படம் பார்க்காதவங்க இதோட நிப்பாட்டுங்க எண்டு. அல்லது அந்தப் பகுதியைத் தலைகீழா அச்சடியுங்க, குறுக்கெழுத்துக்கு விடை போடுற மாதிரி. பேப்பரைத் திருப்பிப் பார்க்கிறவன் விருப்பத்தோட பார்க்கட்டும்.

வாற சனிக்கிழமைக்கு 'பூதகாலம்' பார்க்கிற எண்டு மனிசியோட கதைச்சு வச்சிருக்கன், ரேவதியும் ஷேன் நிகமும் நடிச்ச மலையாளப் பேய்ப்படம். நான் போன வருசம் தனியப் பார்த்தது, அவ இன்னும் பார்க்கல்ல, என்ன நடக்கும் என்ன நடக்கும் எண்டு இப்பவே கேட்டுக்கொண்டு திரியுறா, நான் வாயைத் திறக்கல்ல. இந்த ஞாயிறு சினிமாப் பக்கத்தில என்னத்தை எழுதினாலும் எழுதுங்க, அதை மட்டும் எழுதிப்போடாதீங்க.

இப்படிக்கு,
பழைய கேசட் கடைக்காரன்,
களுவாஞ்சிகுடி