அந்த இசைத்தட்டை வாங்கலாமா, கண்ணா?

அன்புள்ள கண்ணா,

அம்மா எழுதுகிறேன். நீ அனுப்பிய ஐந்து படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்று புளூ நோட் என்ற அமெரிக்க ஜாஸ் கம்பெனியின் பழைய எல்.பி. இசைத்தட்டு. அதை "ஒரிஜினல் ஃபர்ஸ்ட் பிரஸ்ஸிங்", அதாவது முதல் பதிப்பு, என்கிறார் விற்பவர். இன்னொன்று புதிதாக வந்த சிவப்பு வினைல், எண் போட்ட லிமிடெட் எடிஷன். எதை வாங்குவது, இந்த விலை கொடுத்து வாங்குவதில் அர்த்தம் உண்டா என்று கேட்டிருக்கிறாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்பதால் எழுதுகிறேன்.

சிவப்புத் தட்டு வேண்டாம். ஜாஸ் தட்டை வாங்கலாம், ஆனால் அவர் கேட்கிற விலைக்கு வேண்டாம். ஏனென்று சொல்கிறேன்.

கடைசிப் பாட்டு முடிந்ததும் ஊசி லேபிளை நோக்கி ஓடுகிற மொட்டை வளையம் இருக்கிறதல்லவா, அதை டெட் வாக்ஸ் என்பார்கள். தட்டின் ஜாதகமே அங்கேதான் இருக்கிறது. ஒலிப்பொறியாளர் முதலில் லாக்கர் என்ற மெழுகு போன்ற பூச்சுள்ள தட்டில் வரிகளை, அதாவது ஊசி ஓடும் பள்ளங்களை, வெட்டுவார். அதிலிருந்து உலோகத் தகடுகள் எடுத்து, அவற்றை வைத்துத்தான் வினைலை அழுத்துவார்கள். லாக்கரிலோ உலோகத் தகட்டிலோ கீறியதும் குத்தியதும் அந்தத் தகட்டில் பிறந்த ஒவ்வொரு பிரதியிலும் வரும். உறையை மாற்றி வைத்து ஏமாற்றலாம், இந்த வளையத்தை வைத்து ஏமாற்றுவது கடினம்.

புளூ நோட்டின் 1950கள், 60களின் பதிவுகளில் பெரும்பாலானவற்றை ரூடி வான் கெல்டர் என்ற ஒலிப்பொறியாளரே பதிவு செய்து அவரே வெட்டினார். அவர் வெட்டியதற்கு அடையாளமாக டெட் வாக்ஸில் 'ஆர்விஜி' என்றோ 'வான் கெல்டர்' என்றோ ஆங்கில எழுத்தில் முத்திரை இருக்கும். அந்தத் தட்டுகளை அழுத்தித் தந்த ஆலை பிளாஸ்டிலைட். அவர்கள் வளைத்து எழுதிய ஆங்கில 'பி' எழுத்து, பார்ப்பதற்குக் காது மாதிரி இருக்கும். சேகரிப்பவர்கள் அதை 'காது' என்றே சொல்வார்கள். 1960களின் நடுவில் லிபர்ட்டி கம்பெனி புளூ நோட்டை வாங்கியது. அதன் பிறகு தட்டுகளை வேறு ஆலைகளில் அழுத்தினார்கள். கையில் மிச்சமிருந்த பழைய லேபிள்களையும் உறைகளையும் தீரும்வரை பயன்படுத்தினார்கள். அதனால் லேபிளில் பழைய 'நியூயார்க் யூ.எஸ்.ஏ.' முகவரி இருக்கும், காது மட்டும் இருக்காது.

உன் படங்களில் நான் பார்ப்பதும் அதைத்தான். லேபிள் பழையது. வான் கெல்டர் முத்திரை தெளிவாகத் தெரிகிறது. காது தெரியவில்லை. வெளிச்சம் பட்டுப் பளபளத்து மறைந்திருக்கலாம், அதைக் கடைசியில் சொல்கிறேன். காது உண்மையிலேயே இல்லையென்றால் அது அநேகமாக முதல் பதிப்பு இல்லை. லிபர்ட்டி காலத்துப் பிரதி, விலை நன்றாகவே குறைய வேண்டும். ஆனால் பாட்டுக் கேட்கிற உனக்கு இது நல்ல சேதி. அதே வான் கெல்டரின் வெட்டு, நல்ல நிலையில் இருந்தால் உன் காதுக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட அதே ஒலி. அந்தச் சின்னக் குறிக்காகக் கொடுக்கிற கூடுதல் பணம் முழுக்கச் சேகரிப்பவர் ஆசைக்கு. அந்த ஆசை தப்பில்லை கண்ணா. உனக்கு இருக்கிறது அந்த ஆசையா, இசை ஆசையா என்று மட்டும் பணம் கொடுக்கும் முன் பிரித்துப் பார்த்துக்கொள்.

அடுத்தது தட்டின் நிலை. விலையைத் தீர்மானிப்பதில் வயதைவிட இதற்குத்தான் கனம் அதிகம். மின்ட், நியர் மின்ட், வெரி குட் பிளஸ், வெரி குட், குட் என்று இறங்கு வரிசையில் தரம் சொல்வார்கள். 'குட்' என்ற பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதே. இந்த வியாபாரத்தில் குட் என்றால் கரகரப்புக்கு நடுவே பாட்டைத் தேட வேண்டிய தட்டு. கேட்பதற்கு வெரி குட் பிளஸ் போதும். ஓட்டிப் பார்த்துத் தரம் சொன்னாரா, கண்ணால் பார்த்து மட்டும் சொன்னாரா என்று கட்டாயம் கேள்.

நேரில் போனால் இப்படிப் பார். அறையின் பொது வெளிச்சம் போதாது, ஒற்றை விளக்கு வேண்டும். போன் டார்ச்சே போதும். தட்டை விளிம்பிலும் லேபிளிலும் மட்டும் தொட்டுப் பிடித்து, வெளிச்சம் வரிகள்மேல் சாய்ந்து விழும்படி மெல்லத் திருப்பு. முடியிழை மாதிரி மேலோட்டமாகத் தெரியும் கோடுகள் பெரும்பாலும் உறையில் உரசியவை, ஒலியில் அவ்வளவாக வராது. சந்தேகமான கீறலை விரல் நகத்தின் நுனியால் லேசாகக் குறுக்கே தடவு. நகத்தில் தட்டுப்பட்டால் ஊசிக்கும் தட்டுப்படும். எல்.பி. நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும், அதாவது ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. 'டிக்' சத்தம் சரியாக 1.8 விநாடிக்கு ஒருமுறை வந்தால் அது குறுக்குக் கீறல். தாறுமாறாக வந்தால் தூசியாகவோ நிலைமின்னாகவோ இருக்கலாம், கழுவினால் போகும். வரியோடு வரியாக நீளவாக்கில் ஓடும் கீறலுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். ஊசி அதில் வழுக்கித் தாவும், அல்லது அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

லேபிளின் நடுத்துளையையும் பார். துளையைச் சுற்றி மெல்லிய கோடுகள் நிறைய இருந்தால், யாரோ பல நூறு முறை தட்டை வைக்கும்போது தண்டைத் தேடித் தேய்த்திருக்கிறார்கள் என்று பொருள். வரிகள் பளபளப்பு இழந்து சாம்பல் பூத்திருந்தால் வாங்காதே. கனமான, தேய்ந்த ஊசி வரியின் சுவரைச் சுரண்டிய அடையாளம் அது. அழுக்கு என்றால் கழுவலாம், சுரண்டிப் போனதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

ஓட்டிப் பார்க்க விடுவார் என்றால் முதல் பாட்டைக் கேட்டுவிட்டு வந்துவிடாதே. ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டைக் கேள். வெளி விளிம்பில் வரி ஊசியின் கீழே விநாடிக்கு ஏறத்தாழ 51 சென்டிமீட்டர் ஓடுகிறது. லேபிள் பக்கம் வரும்போது அது 21 ஆகக் குறைந்துவிடும். அதே ஒலியைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுதியிருப்பதால், தேய்மானம் முதலில் காதில் விழுவது அங்கேதான். ட்ரம்பெட் உச்சத்தில் கிழிகிற மாதிரியோ, பாட்டில் 'ஸ' சத்தம் எச்சில் தெறிக்கிற மாதிரியோ கேட்டால் ஒன்று தட்டு தேய்ந்திருக்கிறது, அல்லது அவர் ஊசி சரியாகப் பொருத்தப்படவில்லை. வேறொரு தட்டைப் போட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். பியானோவின் நீண்ட சுரத்தையும் கவனி. சுரம் மெல்ல ஏறி இறங்கினால் நடுத்துளை நகர்ந்திருக்கிறது. அப்போது ஊசியைத் தாங்கும் கை, அதாவது டோன்ஆர்ம், இடமும் வலமுமாக ஆடுவது கண்ணுக்கே தெரியும். இந்தக் கோளாறு புத்தம் புதுத் தட்டிலும் வரும், அதனால் புதியதையும் வாங்கிய வாரமே முழுதாக ஓட்டிப் பார்த்து, குறையிருந்தால் திருப்பிக் கொடு.

இனி சிவப்புத் தட்டு. எண் போட்டிருப்பதால் அரியது என்று நினைத்திருக்கிறாய். பீட்டில்ஸின் 1968 வெள்ளை உறை ஆல்பத்திலும் எண் போட்டிருந்தார்கள், லட்சக்கணக்கில் வந்தது. மொத்தம் எத்தனை என்று சொல்லாத எண்ணுக்கு மதிப்பு இல்லை. 180 கிராம் என்பதும் அப்படித்தான். கனமான தட்டு கையில் நிறைவாக இருக்கும், கொஞ்சம் வளையாமல் நிற்கும். ஒலி எடையில் இல்லை. நிறத்தாலும் பெரிய கெடுதல் இல்லை, படம் பதித்த பிக்சர் டிஸ்க்தான் இரைச்சல் அதிகம்.

அதன் ஸ்டிக்கரில் நான் தேடியது இரண்டே விஷயம். யார் வெட்டினார்? எதிலிருந்து வெட்டினார்? இரண்டும் இல்லை. 'ரீமாஸ்டர்டு', அதாவது ஒலியைப் புதிதாகச் செப்பனிட்டது, என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. நீ போனில் கேட்கிற அதே கோப்பிலிருந்து வெட்டியிருந்தால், அதே பாட்டுக்கு இரண்டாம் முறை பணம் கொடுக்கிறாய். இன்னொன்றையும் தெரிந்துகொள். ஐரோப்பாவில் 1963க்கு முன் வெளியான பதிவுகளுக்கு ஒலிப்பதிவு உரிமை முடிந்துவிட்டது. அதனால் எவரும் சி.டி.யிலிருந்து எடுத்து அழகான உறை போட்டு விற்கலாம். மூலம் எதுவென்று சொல்லாமல் புதிதாக அழுத்தி விற்கிற பழைய ஜாஸ் தட்டுகளில் இப்படி நிறைய உண்டு.

டிஜிட்டல் என்றாலே மட்டம் என்று சொல்லவில்லை. 2022இல், அனலாக், அதாவது டிஜிட்டலாக மாற்றாமல் டேப்பிலிருந்தே வெட்டுவதற்குப் பெயர் பெற்ற மொபைல் ஃபிடிலிட்டி கம்பெனியின் பல தட்டுகளில், தயாரிப்பின் நடுவே டிஜிட்டல் கட்டம் ஒன்று இருந்தது தெரியவந்தது. அவற்றில் சிலவற்றைத்தான் தேர்ந்த காதுக்காரர்களே மிகச் சிறந்தவை என்று கொண்டாடியிருந்தார்கள். மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி சி.டி.யில் சுமார் 96 டெசிபல், வினைலுக்கு நல்ல நிலையில் 70ஐ எட்டுவதே பெரிது. அப்படியிருந்தும் சில தட்டுகள் சி.டி.யைவிட நன்றாக ஒலிக்கின்றன என்றால், தட்டு வெட்டும் முன் ஒலியைச் செப்பனிடும் மாஸ்டரிங்கில் யாரோ சத்தத்தை நெருக்கிப் பிழியாமல் விட்டிருக்கிறார் என்று அர்த்தம். அந்த ஆளின் வேலைக்குத்தான் காசு கொடுக்க வேண்டும்.

"பின்னால் விலை ஏறும்" என்று எழுதியிருந்தாய். அந்தக் கணக்கில் வாங்காதே. நல்ல மறுபதிப்பு ஒன்று வந்தால் கேட்பதற்காகத் தேடியவர்கள் அங்கே போய்விடுவார்கள், நடுத்தரப் பழைய பிரதிகளின் விலை இறங்கிவிடும். விற்கப் போனால் கடைக்காரர் தன் லாபத்தைக் கழித்துக்கொண்டுதான் தருவார். விலை பார்க்க டிஸ்காக்ஸ் என்ற இணையதளத்தில் அந்தத் தட்டின் சரியான பதிப்பைத் தேர்ந்தெடு, டெட் வாக்ஸில் உள்ள மேட்ரிக்ஸ் எண் வரை ஒத்துப்போக வேண்டும். கேட்கிற விலையை விட்டுவிட்டு, உண்மையில் விற்ற விலைகளின் நடு மதிப்பைப் பார்.

இதையெல்லாம்விட அவசரமான ஒன்று. உன் அறையில் இருக்கும் பெட்டி பிளேயரில் அந்த ஜாஸ் தட்டைப் போடவே போடாதே. அந்த மாதிரிப் பிளேயர்களில் ஊசி பொருந்திய செராமிக் கார்ட்ரிட்ஜ் 5 கிராம் அளவுக்குத் தட்டை அழுத்தும், குறைக்க எடைக்கட்டி கிடையாது. 20 நிமிடப் பக்கம் ஒன்றில் தட்டு 667 முறை சுற்றுகிறது, ஊசி 400 மீட்டருக்கு மேல் வரியில் ஊர்கிறது. அவ்வளவு தூரமும் அந்த அழுத்தம். முதலில் பின்பக்கம் எடைக்கட்டி உள்ள டர்ன்டேபிள் வாங்கு, தட்டு பிறகு. கார்ட்ரிட்ஜ் ஆடியோ-டெக்னிகா விஎம்95இ என்றால் ஊசியின் அழுத்தம் 2 கிராம், ஓர்டோஃபோன் 2எம் ரெட் என்றால் 1.8 கிராம். ஊசி உள்பக்கம் இழுபடுவதைச் சமன்செய்யும் ஆன்ட்டி-ஸ்கேட்டைச் சுழியத்தில் வைத்து, எடைக்கட்டியைத் திருப்பி டோன்ஆர்ம் அந்தரத்தில் மட்டமாக நிற்கும்படி செய். கட்டியை அசைக்காமல் எண் வளையத்தை மட்டும் சுழியத்துக்குத் திருப்பு. பிறகு கட்டியும் வளையமும் சேர்ந்து சுழலும்படி அந்த எடைக்குக் கொண்டு வா. ஆன்ட்டி-ஸ்கேட்டிலும் அதே எண். எடையைக் குறைத்தால் தட்டுக்கு நல்லது என்று 1 கிராமில் வைத்துவிடாதே. ஊசி வரியைப் பிடிக்காமல் துள்ளும், துள்ளுகிற ஊசி அழுத்துகிற ஊசியைவிட அதிகம் கெடுக்கும். அந்த விஎம்95இ ஊசிக்கு 300 மணி நேரம் ஆயுள் சொல்கிறார்கள். முழு எல்.பி. 40 நிமிடம் என்றால் 450 தடவை. குறித்து வைத்துக்கொள்.

பழைய தட்டு வீட்டுக்கு வந்ததும் ஓட்டும் முன் கழுவு. டிஸ்டில்டு வாட்டரில் ரெக்கார்டு கழுவும் திரவத்தைச் சொன்ன அளவில் கலந்து, மென்மையான பிரஷால் வரி ஓடும் திசையிலேயே தேய், லேபிள் நனையக் கூடாது. பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரால் ஒருமுறை அலசி, நிற்க வைத்துக் காயவிடு. குழாய்த் தண்ணீர் வேண்டாம், காய்ந்தால் உப்பு வரியில் தங்கும். ஸ்பிரிட் கலந்த திரவம் வினைலுக்குச் சரி, நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழங்கால ஷெல்லாக் தட்டில் பட்டால் கரைத்துவிடும். பழைய காகித உள்ளுறையைப் பத்திரப்படுத்திவிட்டு, தட்டைப் பாலித்தீன் உள்ளுறையில் போடு. மெத்தென்று நெகிழும் பி.வி.சி. உறை வேண்டாம். அதிலிருந்து கசியும் ரசாயனம் தட்டின்மேல் போகாத மங்கலைப் படியவைக்கும். அடுக்கும்போது புத்தகம் மாதிரி நேராக நிற்க வை. 100 தட்டுகள் 25 கிலோவுக்கு மேல் வரும், அலமாரிப் பலகையை முதலில் பார்.

இப்போது ஜாஸ் தட்டை விற்பவரிடம் மூன்று படம் கேள். இரண்டு பக்கத்து டெட் வாக்ஸும் வேண்டும், விளக்கைத் தட்டோடு தட்டாகத் தாழ்த்தி ஓரத்திலிருந்து அடிக்கச் சொல், எழுத்துகள் நிழல் விழுந்து எழும்பித் தெரியும். மூன்றாவது, இரண்டாம் பக்கக் கடைசிப் பாட்டின் வரிகள். வந்ததும் அனுப்பு. காது இருக்கிறதா இல்லையா என்று நானே பார்த்துச் சொல்கிறேன். அதுவரை முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
அம்மா